காலண்டர் தாளின் பின்பக்கம்

தேனி பஜாரில் மூன்றாவது கடையிலும் கல்யாண ஆல்பத்தைத்தான் எடுத்துப் போட்டார்கள். செபஸ்தியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேகமலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் பிரசவம் பார்த்துவிட்டு, அந்த 1979 சித்திரையில்தான் ஓய்வு பெற்றுச் சின்னமனூரில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமே செய்துகொள்ளாதவளிடம் கடைக்குக் கடை, "யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

அவள் ஒட்ட நினைத்தது போட்டோ அல்ல, தினசரிக் காலண்டர் தாள்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் குழந்தை பிறந்ததும் அன்றைய தாளைக் கிழித்து, தேதிக்குக் கீழே தாயின் பெயரை எழுதுவாள். பின்பக்கம், பிறந்த நேரம். ஜாதகம் கணிக்க மலையில் அவள் எழுதியதுதான் நேரம். இப்போது பிஸ்கட் டின்னுக்குள் ஈரம் ஏறி, தாள்களில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"ரெண்டு பக்கமும் தெரியணும்ணே," என்றாள்.

"பின்பக்கத்த யாரும்மா பாப்பாக?" என்றார் கடைக்காரர் சுந்தர்ராஜ்.

பிளாஸ்டிக் உறை போட்ட ஃபாரின் ஆல்பம் ஒன்றை விரித்தார். அதில் ஒட்டினால் ஒட்டியதுதான், உரிக்க வராது. நோட்டுப் புத்தகம் காட்டினார். அதில் பத்துத் தாள் ஒட்டினாலே வயிறு உப்பிக்கொள்ளும். கடைசியில் தடித்த கறுப்புத் தாள் ஆல்பத்தையே வாங்கினாள். அட்டையில் தங்க எழுத்தில் 'திருமண நினைவுகள்' என்று மின்னியது. போய்த் தொலைகிறது என்று பைக்குள் திணித்தாள்.

வழி அவளுக்கே தோன்றியது. தாளின் ஒரு ஓரத்தில் மட்டும் பசை தடவினால், புரட்டிப் பின்பக்கமும் பார்க்கலாம். மைதாப் பசை காய்ச்சிப் பத்துத் தாள் ஒட்டினாள். தம்பி மனைவி ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"பின்னாடி என்ன மதினி எழுதியிருக்கு?"

ஞாயிறு மாதாகோயில் பூசை தவறாத வீட்டில் ஜாதகம் என்று எப்படிச் சொல்வது? "சும்மா கிறுக்கல்," என்றாள்.

மறுநாள் பென்ஷன் விஷயமாக உத்தமபாளையம் போனாள். அங்கே நாளைக்கு வா என்று விரட்டினார்கள். வெந்து போய் வீடு திரும்பினால், ஆல்பத்தின் மேல் அம்மிக் குழவி உட்கார்ந்திருந்தது.

"ஓரத்துல மட்டும் ஒட்டியிருந்தீகளே, காத்துல பிஞ்சிராதா? டின்னுல இருந்ததையும் சேத்து, முழுசாத் தடவி எல்லாத்தையும் ஒட்டிட்டேன்," என்றாள் ஆரோக்கியம்மாள், வேலை முடித்த பெருமையோடு.

தேதிகள் வரிசையாகச் சிரித்தன. செபஸ்தியம்மாளுக்கு அவளை அறையலாம் போல இருந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. ஈரத் துணி வைத்து ஒரு தாளை உரித்தாள். பின்பக்கத்துப் பேனா மை கரைந்து நீலப் பசையாக வந்தது. இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் அதே கதிதான்.

அன்று சாயங்காலமே எஸ்டேட்டிலிருந்து தங்கபாண்டி வந்து சேர்ந்தான். அவள் கையில் பிறந்த அவன் மகள் பூமாரிக்குக் கடமலைக்குண்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள்.

"ஜாதகம் கேக்குறாக நர்சம்மா. பொறந்த நேரம் வேணும். உங்க கையெழுத்துன்னா மறுபேச்சுப் பேசமாட்டாக."

அவள் ஆல்பத்தைக் காட்டி, ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவன் ஆல்பத்தைத் தள்ளி வைத்தான்.

"அதுக்கென்ன, நல்ல நட்சத்திரமா வர்ற மாதிரி ஒரு நேரத்தப் போட்டுக் குடுங்க. இங்கன யாருக்குத் தெரியப் போகுது?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தொப்புள்கொடியை அறுத்த கையோடு கடிகாரத்தைப் பார்த்தவள் அவள். ஒரு நிமிஷம்கூட முன்பின் எழுதியதில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, பூமாரி பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் எழுதினாள். அதன் கீழ், 'நேரம் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

தங்கபாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தான். தாளை அவள் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தான்.