ஒருமுறை கத்திவிட்டு ஓய்கிற காவல்காரன்

...வரட்டும், தப்பு என்று சிவப்பாக ஒரே ஒரு வரி வந்தால் போதும், அதற்கு மேல் அவள் கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் திரையில் பச்சைக்குப் பின்னால் பச்சையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஓரகத்தி எழுதியது ஆயிற்றே, பச்சையாகத்தான் ஓடும், அவள் வைத்த செடிகூட ஒன்றும் பட்டுப்போனதில்லை. இயந்திரத்தை உள்ளிருந்து ஆட்டிவைக்கிற கெர்னலுக்கு நிரல் எழுதுவது கொழுந்தன் பெண்டாட்டியான சின்னவள், அதைச் சோதித்துப் பாஸ் போடுவது பெரியவள். இந்த அலுவலகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளும் பெரியவள்தான், வேலியில் போன ஓணானை எடுத்து... சரி, அந்தப் பழமொழியை இப்போது முழுசாகச் சொன்னால் தனக்குத்தான் அசிங்கம். "சின்னவ வந்தப்புறம்தான் வீடே கலகலன்னு இருக்கு" என்று மாமியார் நேற்றும் சொன்னாள், அப்படியென்றால் அதற்கு முன்னால் இத்தனை வருஷம் இழவு வீடாகவா இருந்தது? இன்றைக்குப் பெரியவள் இரக்கமே காட்டவில்லை, சின்னவளின் நிரல் நினைவகம் கேட்டபோதெல்லாம் இயந்திரத்தை வேண்டுமென்றே இல்லை, இல்லை என்று கைவிரிக்க வைத்தாள் (மாமியாரிடம் கற்ற வித்தை), ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடிகிற பூட்டான ஒரே லாக்குக்கு ஒரு கூட்டத்தையே முட்டிமோத விட்டாள், திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுபடி தொடுகிறாளா என்று பூனைபோலக் காத்திருந்தாள்... ம்ஹூம். வாங்கியதைக் கொடுத்தாள், கொடுத்ததைத் தொடவில்லை. வாங்கிக் கட்டிய புடவையைத் திருப்பித் தரத் தெரியாதவளுக்கு இதில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த ஒழுங்கு? அந்த வழியாகப் போன டீம் லீடர் மீசை வேறு நின்று, "என்னம்மா, காலையிலேருந்து பச்சையாவே ஓடுது போல? உங்க வீட்டுப் பொண்ணு கலக்குறா! சாயங்காலம் மீட்டிங்ல கை தட்டிரலாமா?" என்றார். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், எனக்கு எந்த வருஷம் தட்டினீர்கள்... வாய் மட்டும் "தட்டலாம் சார்" என்று சிரித்தது.

ஆனாலும் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமலா ஓடும், மனுஷி எழுதியதுதானே, என்று வயிற்றெரிச்சலோடு பதிவுகளை மேலே தள்ளிக்கொண்டே போனாள், இயந்திரம் கண்விழித்த இடம் வரைக்கும். அங்கே கிடந்தது சோதனை இயந்திரத்தில் சொருகியிருந்த நெட்வொர்க் கார்டின் பழைய லாக் புகார், எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் தாண்டிப் போவது. அடக் கடவுளே. லாக்குகளைக் காவல் காக்கிற அந்தச் சோதனைக்கு ஒரு குணம் உண்டு, முதல் தப்பைக் கண்டதும் ஒருமுறை கத்தும், அதோடு சரி, அடுத்த முறை இயந்திரத்தைத் திறக்கும்வரை வாயே திறக்காது. அந்த ஒரு கத்தலை கார்டு தின்றுவிட்டது, அப்புறம் வந்த பச்சையெல்லாம் காவல்காரன் போனபின் கிடைத்த பச்சை. கார்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள்... வந்தது. சிவப்பு. என்ன ஒரு நிறம்! நினைவகம் தீர்ந்தால் கெர்னலே பழையதைக் கூட்டிப் பெருக்கி இடம் எடுத்துத் தரும், பெருக்க வருகிறவனுக்கும் ஒரு லாக் வேண்டும், அதே லாக்கைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் நினைவகம் கேட்டிருந்தாள். அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, உள்ளே வந்து பெருக்கு, பெருக்கினால்தான் திறப்பேன் என்றால் யார் வருவார்கள்? நினைவகம் நிஜமாகவே தீர்கிற அன்றைக்கு இயந்திரம் உறைந்து நிற்கும். இதை மீட்டிங்கில், பெரிய திரையில், கை தட்டத் தூக்கிய நேரத்தில் காட்டினால்... அப்போது மீசை கேட்பார், காலையில் பச்சையாக இருந்ததே என்று. அந்தக் கார்டு வந்து எத்தனை மாதம் ஆயிற்று? மாதங்கள். அத்தனை மாதமும் யார் யார் நிரலுக்கோ, கண்ணை மூடிக்கொண்டு, பாஸ், பாஸ் என்று... யார் போட்டது? தானேதான். இப்போதே சிவப்பை அழித்துவிட்டுக் கார்டைத் திரும்பச் சொருகினால் பச்சைதான், யாருக்கும் தெரியாது.

"அக்கா, முடிஞ்சுதா?" என்று சின்னவள் பின்னால் வந்து நின்றுவிட்டாள், அதற்குள் திரையையும் பார்த்துவிட்டாள். முகம் கறுக்கும் என்று பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்துக் காத்திருந்தாள், நியாயமாகக் கறுக்க வேண்டும், ஆனால் இவளோ, "அய்யய்யோ, லாக்கைப் பிடிச்சுக்கிட்டேவா மெமரி கேட்டிருக்கேன்? சரியான லூசுக்கா நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேளை நீங்க பாத்தீங்க, வேற யாராவதுன்னா பாஸ் போட்டு அனுப்பியிருப்பாங்க." வேற யாராவது. குத்துகிறாளா? இல்லை, அவளுக்குக் குத்தவும் தெரியாது, அதுதானே எரிச்சல். "வெளிய சொல்லாதே, சத்தமில்லாம சரி பண்ணிக்கோ" என்று பெரியவள் அவசரமாகச் சொன்னாள், கேட்பவர்களுக்குப் பெருந்தன்மை மாதிரியே இருந்திருக்கும். "இதுல என்னக்கா இருக்கு?" என்று சின்னவள் அந்தக் கூடத்துக்கே கேட்கும்படி, "சார்! கை தட்டாதீங்க! என் கோட்ல ஒரு ஓட்டை, அக்கா பிடிச்சுட்டாங்க!" என்று கத்தினாள். நாற்காலிகள் திரும்பின, யாரோ சிரித்தார்கள், யாரோ நிஜமாகவே கை தட்டினார்கள், தனக்குத்தான், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக. மீசை எழுந்து வந்தார், "காலையில பச்சையா இருந்துச்சேம்மா, எப்படிப் பிடிச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்டார். மாமியாருமில்லை, புடவையுமில்லை, பச்சையுமில்லை, இவளிடம் நான் பொறாமைப்படுவது அந்தக் கத்தலுக்கு, தன் தப்பைத் தானே எடுத்துக் கூவிவிட்டுச் சிரிக்கிற அந்தத் தொண்டைக்கு... சின்னவள் பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டு, "சொல்லுங்கக்கா" என்றாள். பெரியவள் கழற்றி வைத்த கார்டை ஒருமுறை பார்த்தாள், அதைச் சொன்னால் அத்தனை மாதப் பாஸும் வெளியே வரும், வாயைத் திறந்தாள், எல்லாரும் காத்திருந்தார்கள்.