இரண்டு நிமிட நிறுத்தம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால். காஞ்சிபுரம் ரயில் நிலையத்தில் துர்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா அம்சா. கையில் தூக்கு, அதற்குள் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி.

மாப்பிள்ளை விக்னேஷ் மும்பை எக்ஸ்பிரஸில் கார்டு. பெண் பார்க்க வர லீவு கிடைக்கவில்லை. வண்டி இங்கே இரண்டு நிமிடம் நிற்கும், அதற்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தரகர் சொல்லிவிட்டார். பிளாட்பாரத்தில் வைத்தா பெண்ணைக் காட்டுவது என்று அப்பா கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

துர்கா பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் கரையும் முந்தியும் வரைகிறாள். முன்பு வந்தவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னார்கள். இவனும் அதையே சொன்னால் கிளம்பிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

வண்டி வந்து நின்றது. என்ஜின் அவர்களுக்கு நேர் எதிரே இருந்தது.

"எங்கடி மாப்ள?"

"கார்டு கடைசிப் பெட்டிலம்மா இருப்பாரு! இங்க கூட்டினு வந்து நிக்க வச்சிருக்கியே!"

துர்கா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் ஒருவர் பதறிப்போனார்.

"ஏதாவது ஒரு பொட்டில ஏறும்மா! உள்ளயே நடந்து போய்க்கலாம்!"

கடைசிப் பெட்டிக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் ஒருவன் நின்றிருந்தான். கையில் கொடி, கழுத்தில் விசில். கண் சிக்னலில் இருந்தது.

"துர்காங்களா? மன்னிச்சிக்கோங்க. அந்தப் பக்கம் பாத்துக்கினே பேசறேன்."

அவள் மூச்சு வாங்கினாள். "நான் வேலைய விடமாட்டேன். காஞ்சிபுரத்த உட்டும் வரமாட்டேன்."

"வேலைய ஏன் உடணும்? நான் பாதி நாளு வண்டிலதாங்க இருக்கேன். மீதி நாளுக்கு எங்க வீடு இருக்கற அரக்கோணத்துல எறங்கினா இன்னா, இங்க எறங்கினா இன்னா?"

துர்கா வேறு நிபந்தனை எதுவும் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

அதற்குள் அம்சா வந்து சேர்ந்தாள். "உன் கையால குடுடி" என்று தூக்கைத் திறந்தாள். துர்கா ஒரு பஜ்ஜியை எடுத்து நீட்டினாள். அவன் பெரிதாக ஒரு கடி கடித்தான். சிக்னல் பச்சைக்கு மாறியது.

மீதிப் பஜ்ஜியை அவள் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டு விசிலை ஊதினான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. துர்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவன் கண் பிதுங்க விழுங்கிவிட்டு மறுபடி ஊதினான், கொடியை ஆட்டினான், ஏறிக்கொண்டான். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் அவன் அவளை நன்றாகப் பார்த்தான்.

"அத்த!" என்று கத்தினான். "உப்பு சரியா இருக்குது!"

அம்சாவுக்கு வாயெல்லாம் பல். "அத்தன்னு கூப்ட்டாருடி! கேட்டியா? நீ இன்னா சொல்ற? அப்பாவுக்கு இப்பவே போன் போடணும், சொல்லுடி."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். துர்கா தூரத்தில் ஆடும் பச்சைக் கொடியைப் பார்த்தபடி எதையோ மென்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை காலியாக இருந்தது.

"ஏண்டி, அவரு கடிச்ச பஜ்ஜியையா துன்ற?"