வரி ஐயாவுக்கு வைத்த சோறு

அந்த ஒரு வருஷமும் நான் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வீரக்குட்டி, சாரத்தைக் கொடியிலிருந்து எடு. வீரக்குட்டி, உன் பிள்ளை உன்னைத் தேடுகிறான். புருஷன் பெயரை ஒரு பெண் இப்படி வாய் நிறையச் சொல்வதா, 'இஞ்சருங்கோ' என்றல்லவா கூப்பிடவேண்டும் என்று பக்கத்து வீட்டு பல்கீஸ் காதைப் பொத்திக்கொள்வாள்.

"அவன் எனக்குப் புருஷனில்லையடி," என்பேன்.

அதில் பொய்யும் இல்லை. கட்டைபறிச்சானில் என் தாய்மாமன் பாய் விரித்து அவனை இருத்தினார். நான் சோறு போட்டேன், அவன் சாப்பிட்டான். எங்கள் பக்கத்தில் பலருக்கு அவ்வளவுதான் கலியாணம். தாலியும் இல்லை, பதிவும் இல்லை. சோறு குடுத்துச் சேர்ந்தவள் சோற்றை நிறுத்திவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். நான் நிறுத்திவிட்டேன்.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்றைக்கு நிறுத்தினேன். மகள் ஞானமணியையும் சின்னவன் கதிராமனையும் அணைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் கிடந்தேன். வீரக்குட்டி எங்களைத் தாண்டி ஓடினான். எங்கே? கரையில் கட்டியிருந்த அவனுடைய வத்தையிடம். கப்பல்களுக்கு விறகும் மரக்கறியும் ஏற்றுகிற வத்தை. அதுவும் தப்பியது, நாங்களும் தப்பினோம். ஆனால் எதைக் காப்பாற்ற முதலில் ஓடினான் என்பதை நான் கண்ணால் கண்டேன். அன்று அவனுக்குச் சோற்றுக் கோப்பை வைக்கவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. முற்றத்தில் மூன்று கல்லை வைத்துத் தனி அடுப்பு மூட்டி, மரவள்ளி அவித்துத் தின்றான்.

முறிந்தவள் அவன் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கே போவது? நகரத்தில் இருந்த என் சீதன வீட்டைக் கடற்படை வாடகைக்கு எடுத்து அதில் வெள்ளைக்காரர் இருந்தார்கள். மற்ற வீடுகளிலும் அவர்கள்தான். குடாவுக்கு அப்பால், கட்டைபறிச்சானில், என் வயலும் மாமன் வீடும் கிடந்தன. ஆனால் குடாவைக் கடக்கிற லாஞ்சிப் படகில் ஏறப் பாஸ் வேண்டும். பாஸ் கந்தோரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குத் தரலாம். பிள்ளையளுக்கெண்டால் தேப்பன்ர கையெழுத்து வேணும். கலியாணம் முடிக்கேல்லையெண்டால் தாயின்ர கையெழுத்தே போதும். ஆனால் பிள்ளையள் உங்கட பேரில எண்டு ஏதும் அரசாங்கக் கடுதாசி கொண்டு வாங்கோ."

வீரக்குட்டி கையெழுத்து வைக்கமாட்டான். "பிள்ளையள் போனால் நீயும் திரும்பி வரமாட்டாய், கனகம்," என்றான். உண்மைதான், வந்திருக்க மாட்டேன். ஆகாயத்தில் ஓர் இரைச்சல் கேட்டால் போதும், சின்னவன் மேசைக்குக் கீழே போய் ஒடுங்கி அங்கேயே மூத்திரம் பெய்துவிடுவான். அந்தப் பிள்ளையைத் துறைமுகத்து வாசலில் வைத்துக்கொண்டு நான் நெஞ்சு வெந்து கிடந்தேன்.

அப்போதுதான் வருமான வரிப் பத்திரங்கள் வந்தன. யுத்தத்தால் காசு கண்டவர்களை அரசாங்கம் மறக்கவில்லை. வத்தைக்காக அவனுக்கு ஒன்று, வீட்டு வாடகைக்கும் வயலுக்குமாக எனக்கு ஒன்று. பிள்ளைகளின் பெயரை எழுதினால் வரி குறையுமாம். வரி குறைந்தால் என்ன, கூடினால் என்ன? எனக்கு வேண்டிய அரசாங்கக் கடுதாசி இதுதான் என்று பட்டது. விவாகமாகாதவள் என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதினேன். முற்றத்து அடுப்புக்காரனும் தன் பத்திரத்தில் அதே இரண்டு பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறான். ஒரே விலாசம், அதே பிள்ளைகள், இரண்டு பத்திரம். சும்மா விடுவார்களா?

வரிக் கந்தோரிலிருந்து குலசிங்கம் என்றொருவர் விசாரிக்க வந்தார். சாம்பல்தீவுக்காரர், என்னைவிட வயது குறைவு. வெயிலில் சைக்கிள் உழக்கி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையில் இருத்தினேன். வீரக்குட்டி தூணோடு நின்றான்.

"ஒரு பிள்ளையை ஒரு ஆள்தான் கேக்கலாம்," என்றார் அவர். "நீங்கள் புருஷன் பெண்சாதியெண்டால் பிள்ளையளும் புருஷன்ர கணக்கில, உங்கட வருமானமும் அவற்ற கணக்கில. இல்லையெண்டால் பிள்ளையள் தாயின்ர பக்கம். இப்ப சொல்லுங்கோ."

"அவள் என்ர பெண்சாதி," என்றான் வீரக்குட்டி.

"எங்க பதிஞ்சது?"

"பதியேல்ல. சோறு குடுத்துச் சேர்ந்தது."

குலசிங்கம் தலையாட்டினார். "எங்கட ஊரிலயும் உள்ளதுதான். ஊர் ஒத்துக்கொண்டால் கோட்டில நீதவானும் ஒத்துக்கொள்ளுவார்."

"குடுத்த சோத்தை நிப்பாட்டிப் போட்டன், ஐயா!" என்று நான் முன்னுக்கு வந்தேன். "குண்டு விழுந்த நாள் தொடக்கம் ஒரு பருக்கை குடுக்கேல்ல. எழும்பி வந்து பாருங்கோ."

குசினியில் என் அடுப்பைக் காட்டினேன். முற்றத்தில் அவன் அடுப்பைக் காட்டினேன். வேலிக்கு மேலால் பல்கீஸைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவும் வைத்தேன்.

"ஓம் ஐயா, அல்லாஹ் அறிய. அவ அந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறு குடுக்கிறேல்ல," என்றாள் அவள். அந்தக் குரலில் எனக்குத்தான் ஏச்சு இருந்தது. இருக்கட்டும், சாட்சி சாட்சிதான்.

குலசிங்கம் கதிரைக்குத் திரும்பி எழுதினார். "சேர்ந்திருந்து முறிஞ்சிருக்கு. பிள்ளையள் தாயின்ர பேரில. கடுதாசி தபாலில வரும்."

எனக்குத் தலைகால் தெரியவில்லை. மனம் அப்போதே லாஞ்சியில் ஏறிவிட்டது. வீரக்குட்டி தூணை விட்டு அசையவில்லை. நேரமோ மத்தியானம். சந்தோஷம் பொல்லாதது, அது வாயைச் சும்மா இருக்க விடாது.

"ஐயா சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்," என்றேன்.

என் வயல் அரிசிச் சோறு, பாரைமீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். கூப்பன் அரிசி தின்று களைத்த காலத்தில் அதை யார் வேண்டாம் என்பார்கள்? பாய் போட்டுப் பரிமாறினேன். குலசிங்கம் கைகழுவி வந்து இருந்தார். ஆனால் சோற்றில் கைவைக்கவில்லை. வந்தவரைத் தனியே இருத்திச் சாப்பிட விடுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. வீட்டு ஆம்பிளை கூட இருக்கவேண்டும். அவரும் அப்படியே வளர்ந்தவர்.

"நீங்களும் வாருங்கோவன், அண்ணை," என்றார், யோசிக்காமலே.

வீரக்குட்டி முற்றத்தைப் பார்த்தான். அன்று அவன் அடுப்பு மூட்டவில்லை. வரி ஐயா வரப்போகிறார் என்று விடியத் தொடக்கம் தூணே கதியென்று நின்றவன். வந்து பாயின் ஓரத்தில் இருந்தான். அவன் முன்னால் கோப்பை இல்லை. கழுத்தெலும்பு தெரிய மெலிந்து போயிருந்தான். ஒரு வருஷமாக நான் அதைப் பார்க்கவே இல்லை.

கை தானாகப் போனது என்று சொல்லலாம். அது பொய். நான்தான் கோப்பையை எடுத்தேன், நான்தான் அகப்பையால் அள்ளிப் போட்டேன். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். முடிந்ததும் கோப்பையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினான். இன்னும் போட்டேன்.

வேலிக்கு அப்பால், "யா அல்லாஹ்," என்று பல்கீஸின் குரல் கேட்டது. அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. குலசிங்கத்தின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றிருந்தது.

கைகழுவித் துடைத்த பிறகும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, நீங்கள் சோறு குடுத்ததை நான் கண்டிட்டன். பக்கத்து வீட்டிலயும் கண்டிட்டினம்."

"அது உங்களுக்காகத்தானே, ஐயா! உங்களைத் தனிய இருத்த ஏலாமத்தானே!"

"தெரியும். ஆனால் நிப்பாட்டினது எண்டு எழுதினன். நாளைக்கு அண்ணை மேலிடத்துக்கு எழுதிப்போட்டால் நான் பொய்யெழுதினவன் ஆவன். ஒரே வீடு, இப்ப ஒரே பானையும். என்னால ஏலாது, அக்கா."

எழுதியதை வெட்டினார். வேலிப் படலையால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் பிள்ளைகளின் அப்பாவிடம் திரும்பினேன். "மேலிடத்துக்கு எழுதமாட்டன் எண்டு வரி ஐயாவுக்குச் சொல்லியிருக்கலாமே? ஒரு வாய் திறந்திருக்கலாமே?"

"நான் சோறு கேட்டனானே?" என்றார். "நீதானே போட்டனி."

அழுகையும் ஆத்திரமுமாக நின்றேன். அவர் முற்றத்துக்கு இறங்கி, அடுப்புக் கல் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வேலியோரம் போட்டுவிட்டு, சாம்பலைக் கூட்டி அள்ளினார்.

பின்னேர லாஞ்சி, மாமன் ஊர் இருக்கிற மூதூர்ப் பக்கம் போனது. படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானமணி வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏனம்மா அப்பாவுக்குச் சோறு குடுத்தனீங்கள்? நாங்கள் உங்கட மாமா வீட்ட போறதெண்டெல்லோ சொன்னீங்கள்."

"அவர் பசியோட இருந்தாரடி. பசிச்ச ஆளைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சும்மா இருக்கிறது?"

அவள் லாஞ்சியையே பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்பாவுக்கு நாளைக்கும் பசிக்குமே, அம்மா," என்றாள்.

உள்ளே அவர் செருமுவது கேட்டது. விளக்கு வைக்கிற நேரம்.

"இஞ்சருங்கோ, வாறன்," என்று சொன்னது என் குரல்தான்.