பகைக்கு உகந்த நாள்

மழைக்காலம் ஓய்ந்து மாசியின் வறட்சி தீவின்மேல் இறங்கியிருந்தது. வானில் மேகம் தவழ்ந்தும் துளி விழவில்லை. பிடோக்கின் புல்வெளிகள் வைக்கோல் நிறம் கொண்டன. பாலை என்று பழையோர் வகுத்த நிலம் இங்கே இல்லை. ஆயினும் அந்நிலத்தின் மனம் மட்டும் ஆண்டுக்கொருமுறை கடல் கடந்து வந்து, சில வாரம் தங்கிச் செல்வதுபோல் இருக்கும். சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் மல்லிகைச் சரங்கள் உச்சிவேளைக்குள் துவண்டன. ஆலயத்திலோ பூவே இல்லை. நெற்றியில் சாம்பல் ஏற்றுத் தவக்காலத்தைத் தொடங்கிய புதன்கிழமை முதல் பீடம் மலரின்றி நின்றது. அல்லேலூயா என்னும் சொல் உயிர்ப்பு விழாவரை நாவிலிருந்து எடுத்து வைக்கப்பட்டது. அவ்வாண்டு ரமலான் பிறையும் அதே வாரத்தில் எழுந்தமையால், நகரத்தில் பாதிப்பேர் பசித்திருந்தனர். எல்லாரும் எதையேனும் துறந்திருந்த அப்பருவத்தில் செரினா துறக்க மறுத்தது ஒன்றே. அது பகை.

புக்கிட் மேராவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகப் பணிபுரிந்த செரினாவுக்கு இருபத்தேழு வயது. சட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கான நுழைவுத் தேர்வை எழுதும் நாளை அவரவரே குறித்துக்கொள்ளலாம்; ஆனால் ஒரு சேர்க்கைச் சுற்றுக்கு ஒருமுறைதான் எழுதலாம். இவ்வாண்டுச் சேர்க்கைக்கு மார்ச் இறுதியே கடைசி. அதைத் தவறவிட்டால், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான சுற்று செப்டம்பரில் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். செரினா மார்ச்சின் கடைசி வாரத்தில் ஒரு நாளைக் குறித்திருந்தாள். படித்து முடித்துவிட்டதால் குறித்த நாள் அல்ல அது. வழக்கறிஞர் ஆர்னால்டின் வயதைக் கணக்கிட்டுக் குறித்த நாள்.

ஆர்னால்ட் அவளுடைய ஆலயப் பங்கைச் சேர்ந்தவர். அறுபத்தைந்தில் அங்கியைக் கழற்றிவிடுவேன் என்று திருவிழா மேடையிலேயே அறிவித்திருந்தார். இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. இவ்வாண்டு எழுதித் தேறினால், படிப்பும் பயிற்சியும் முடித்து அவர் ஓய்வு பெறும் தறுவாயில் அவள் அவருக்கு எதிரே ஒருமுறையேனும் நிற்கலாம். ஓராண்டு தள்ளிப்போனால் எதிரே இருப்பது வெற்று நாற்காலி.

எட்டாண்டுக்கு முன் நடந்தது இது. அவளுடைய தந்தை சிலுவைராஜ் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். சரக்கு மின்தூக்கியின் கதவு சரியாகப் பிடிக்கவில்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டதாகவும், வீடு திரும்பத் தாமதமாகும் என்றும் ஒரு வியாழன் மாலை வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். அதே கதவு அன்றிரவு அவருடைய வலக்கையை நசுக்கியது. பழுதை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. அழைப்பை எடுத்துப் பேசிய செரினாதான் சாட்சி. நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆர்னால்ட்.

அழைப்பு வந்தபோது வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் மென்மையாகக் கேட்டார். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம், முள்முடி சூட்டப்பட்ட மறைபொருளில் இருந்தோம் என்றாள் அவள். செபமாலையில் நாளுக்கேற்ற மறைபொருள்கள் உண்டு. முள்முடி துயர மறைபொருள், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் உரியது. வியாழனுக்கு ஒளியின் மறைபொருள்கள். அதை அவளுடைய வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தபின், வியாழக்கிழமையில் முள்முடி எங்கிருந்து வந்தது என்றார் ஆர்னால்ட். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நா எழவில்லை. தந்தையின் வழக்கறிஞருக்கு இந்தச் சமயநெறி பழக்கமில்லை; நடப்பது விளங்காமல் மேசையைப் பார்த்திருந்தார். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த தாய் அந்தோனியம்மாள் பேச இயலாத இடத்தில் இருந்து கைகளைப் பிசைந்தாள். சாட்சியின் நினைவு நம்பத்தக்கதன்று என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

விடை எளியது. அழைப்பு வந்தது தவக்காலத்தில்; தவக்காலம் முழுவதும் எந்நாளாயினும் துயர மறைபொருள்களையே சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம். அவ்வழக்கம் ஆர்னால்டுக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டுத் தவக்காலத்தில் பங்கு மக்கள் வீடுவீடாகச் சென்று செபித்தபோது, பிடோக்கில் அவர்களது கூடத்தில் மண்டியிட்டு, ஒரு வியாழனன்று முள்முடியைச் சொல்லி வழிநடத்தியவரே அவர்தாம்.

இவ்வளவையும் அறிந்த ஒரே தோழி ஃபர்சானா. பள்ளி நாள் முதல் உடன் படித்தவள்; சென்ற ஆண்டு இதே தேர்வை எழுதிச் சட்டப்பள்ளியில் சேர்ந்திருந்தாள். லிட்டில் இந்தியாவில் அவளுடைய தந்தையின் துணிக்கடைக்கு மேலறையில் இருவரும் பட்டினியோடு அமர்ந்து மாதிரித் தேர்வுகளைப் பார்ப்பார்கள். நோன்பு திறக்கும் வேளை நெருங்கிய ஒரு மாலையில், திருத்திய தாளை ஃபர்சானா கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப எழுதினா நீ ஃபெயில்தான்லா. சும்மா சொல்லல. செப்டம்பருக்கு மேல எழுது, நெக்ஸ்ட் இயர் போ."

"அதுக்குள்ள அவரு போயிடுவாரு."

"போகட்டுமே. கோர்ட் ஃபுல்லா வக்கீல்தானே?"

"எனக்கு வேற யாரும் வேணாம்."

ஃபர்சானா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது லா ஸ்கூலா, மாப்பிள்ளை பாக்கறதா? கட்டினா அவரத்தான் கட்டுவேங்கற மாதிரி பேசற."

செரினாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் குறித்த நாளை அவள் மாற்றவில்லை. கூர்மை ஏறாத வாளாயினும் வஞ்சினம் பிடித்த கை அதை உறையில் இட மறுத்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த ஞாயிறு, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஆலயத்தில் புனிதர் சுரூபங்கள் அனைத்தும் ஊதாத் துணியால் மூடப்பட்டிருந்தன. திருப்பலி முடிந்து முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களிடையே, அந்தோனியம்மாள் பெருமை தாங்காமல் மகளின் தேர்வைப் பற்றிச் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஆர்னால்டின் மனைவி அன்னம்மா. அவர் தம் பங்குக்குக் குறைபட்டுக்கொண்டார். கணவரின் இதயம் பழுதுபட்டிருக்கிறதாம். இவ்வாண்டோடு நிறுத்தச் சொல்லிவிட்டாராம் மருத்துவர்.

செரினாவின் கையில் கோப்பை நின்றது. ஆறாண்டுக் கணக்கு ஒரே வாக்கியத்தில் பொடியாயிற்று. அந்நேரம் ஆர்னால்டே வந்து சேர்ந்தார்.

"லாவா? குட், குட். எப்ப டெஸ்ட்?"

"வர்ற வாரம், அங்கிள்."

"ரெடியா?"

அவளுக்கு விடை இல்லை. அவர் புன்னகைத்தார்.

"அதே முகம்மா. அன்னைக்கும் இப்படித்தான் நின்ன."

செரினா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குத் தவக்காலம், அங்கிள். எங்க வீட்டு ஹால்ல வியாழக்கிழமை முள்முடி சொன்னது நீங்கதான்."

அவர் தேநீரை ஒரு மிடறு அருந்திவிட்டே பேசினார். "தெரியும்."

"தெரிஞ்சே கேட்டீங்க."

"கேக்கறது என் வேலை. பதிலோட வர்றது உன் வேலை. நீ வரல."

அவர் நாணித் தலைகவிழ்வதை எட்டாண்டாக அவள் மனக்கண்ணில் கண்டிருந்தாள். அந்த முகத்தில் நாணத்தின் நிழல்கூட இல்லை. ஆனால் அவர் வீசிய சொல் அவளுக்குள் வேறோர் இடத்தில் தைத்தது. விடையின்றிக் கூண்டில் ஏறியவள், மறுபடியும் விடையின்றி ஓர் அறைக்குள் நுழைய நாள் குறித்திருக்கிறாள். தோற்றால், அவர் விரலசைக்காமலே இரண்டாம் முறை வென்றவர் ஆவார். பகைவனுக்குத் தன் கையாலேயே வாகை சூட்டும் மூடத்தனம் இதைவிட வேறில்லை. காத்திருக்க வேண்டியவள் அவள். அவள் வரும்வரை காத்திருக்க வைக்கப்பட வேண்டியவர் அவர்.

"வர்ற வாரம் எழுதல," என்றாள். "நல்லா படிச்சிட்டு அடுத்த தடவை எழுதறேன். நீங்க நிப்பாட்டக் கூடாது, அங்கிள். உங்க எதிர்ப்பக்கம் நான் நிக்கணும். இப்பப் போனீங்கன்னா, என்னைப் பாத்துட்டு ஓடிட்டீங்கன்னுதான் ஊரெல்லாம் சொல்லுவேன்."

ஆர்னால்ட் உரக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் அவளைப் புதிதாகப் பார்ப்பவர்போல் நின்றார்.

"எத்தனை வருஷம் ஆகும்?"

"ஏழு."

"அப்ப எனக்கு அறுபத்தாறு."

"உங்களால முடியும்."

அன்னம்மா அவருடைய முழங்கையைப் பற்றி இழுத்தார். அவர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, மருத்துவரிடம் தாமே பேசிக்கொள்வதாக மனைவியிடம் முணுமுணுத்தபடி நடந்தார். தூண்டில் தொண்டையில் இறங்கியதைச் செரினா கண்டாள்.

ஆலயப் படியில் நின்று கைப்பேசியில் தேர்வு நாளை நீக்கினாள். பின், கூட்டம் கலைந்த ஆலயத்துக்குள் தனியே சென்றாள். ஊதாத் துணிக்குள் முகம் காட்டாது நின்ற புனிதர்முன் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, சுடர் நிலைபெறும்வரை கையால் மறைத்துப் பிடித்தாள். பகைவர்க்காக மன்றாடுவோரைப் புண்ணியர் என்பர். தான் புண்ணியவதியா என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, சொல் பிசகாமல், மெய்யாகவே வேண்டினாள்.

ஆண்டவரே, ஆர்னால்டை ஆசீர்வதியும். அவருடைய நெஞ்சு முறை தவறாது துடிக்கட்டும். அவருடைய குரல் கம்மாதிருக்கட்டும், அறிவு மழுங்காதிருக்கட்டும், கால்கள் மன்றத்தின் படிகளைத் தளராது ஏறட்டும். ஒரு நோயும் அவரை எனக்கு முன்னால் வெல்லாதிருக்கட்டும். வாழ்க அவர், நெடிது வாழ்க.