நம்ம ஆளு வண்டி

பட்டறையில் அந்தப் புது வண்டி தரையைத் தொடாமல் நின்றது. இரண்டு இரும்புத் தூண்களின் கைகள் அதை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தன. கழற்றிய நான்கு சக்கரங்களும் சுவரோரம் சாய்ந்திருந்தன. டயரில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அத்தனை புதுசு.

வண்டிக்குச் சொந்தக்காரர், பிரசவ அறை வாசலில் நிற்கும் தகப்பனைப் போல நகத்தைக் கடித்தபடி உலாத்திக்கொண்டிருந்தார். குளியலறை ஓடுகள் விற்கும் கடையில் மேற்பார்வையாளர். ஆள் கொஞ்சம் குள்ளம். பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த ‘முக்கால்’ என்ற பட்டப்பெயர், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவரை விடவில்லை. விசேஷ வீடுகளில் படம் எடுத்தால் அவரை முன்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். பேருந்தில் நின்றால் அடுத்தவர் முதுகுதான் தெரியும். எல்லாவற்றையும் சிரித்தே சமாளித்தவர். ஆனால் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெரிய வண்டி வாங்கி, அதுவும் சிக்னலில் பக்கத்து வண்டியைவிடத் தாழ்ந்து நின்றதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார்.

“ஸ்பிரிங்கை எல்லாம் உயரமா மாத்தியாச்சு சார். டயரும் பெருசு. ரோட்டுல போனா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க,” என்றார் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்தபடி. “ஆனா ஒண்ணு. டயர் பெருசானா மீட்டர் வேகத்தைக் கம்மியாக் காட்டும். அதைத் திருத்தணும். ஹெட்லைட்டைக் கீழ இறக்கணும். இந்தக் கனத்துக்கு இருக்கிற பிரேக்கும் பத்தாது.”

“அதுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“சாமான் வரணுமே. ரெண்டு மூணு வாரம் ஆகலாம்.”

“அட போப்பா. எனக்கு இப்பவே ஓட்டணும்னு கை அரிக்குது. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“மாத்தின வண்டியைச் சோதனைக்குக் காட்டணுமே, அதுல பாஸ் ஆகாதே சார்?”

“அங்க இருக்கிறதே என் மச்சான்தான்யா!”

மெக்கானிக் சிரித்துவிட்டார். “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு சொல்லுவாங்க. உங்களுக்குப் பூசாரியே வீட்டு ஆளு. அப்புறம் நான் என்ன சொல்ல?” பெரிய டயர்களை எடுத்து மாட்டத் தொடங்கினார். வாடிக்கையாளரிடம் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

அந்த மச்சான், முக்காலின் மனைவிக்கு அண்ணன், வாகனச் சோதனை அலுவலகத்தில் அதிகாரி. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘மறுபடி.’ எந்த வண்டியில் எந்தக் குறை இருந்தாலும் “சரி பண்ணி மறுபடி கொண்டா” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஓட்டுநர்கள் அவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் அவர் கை நீட்டினார் என்று ஒருவனும் சொன்னதில்லை.

முக்கால் வண்டியைக் கொண்டுவந்த காலையிலும் அப்படித்தான். முன்னால் நின்ற வேன்காரர் ஆவணங்களுக்கு இடையில் ஒரு கவரைச் செருகி நீட்டினார். மறுபடி அதை உருவி அவர் சட்டைப் பையிலேயே வைத்தார். “இதைக் கொண்டுபோய் பிரேக் கட்டை வாங்கிப் போடுங்க. உங்க பிள்ளைங்களும் இந்த ரோட்டுலதானே நடக்குது?” என்றார். வேன்காரர் முகம் சுருங்கப் போய்விட்டார்.

அடுத்து முக்காலின் வண்டி வந்தது. சோதனை மேடையில் ஏறியதுமே மறுபடிக்குத் தெரிந்துவிட்டது. பிரேக் பிடித்தும் சக்கரங்கள் நிற்கத் தயங்கின. விளக்கு வெளிச்சம் எதிரே இருந்த சோதனைப் பலகையில் இருக்க வேண்டிய கோட்டுக்கு மேலே போய் விழுந்தது. மீட்டர் ஒரு வேகம் காட்டியது, சக்கரங்களுக்கு அடியில் சுழன்ற சோதனை உருளைகளோ அதைவிடக் கூடுதல் வேகம் காட்டின.

“மாப்பிள்ளை, இதை இப்படி விட முடியாது. சரி பண்ணி மறுபடி கொண்டாங்க.”

முக்கால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, தரையில் நின்று அண்ணாந்து மச்சானைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறுபடியால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே முக்காலின் மனைவி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்தவர் அவர்தான்.

“அண்ணா, நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா?”

“வண்டியில கோளாறு இருக்கும்மா.”

“அவர் சாப்பிடாம படுத்திருக்காரு. கடையில எல்லாரும் ‘என்னப்பா, மச்சானே திருப்பி அனுப்பிட்டாராமே’ன்னு சிரிச்சாங்களாம். ஊரே கேலி பண்ணின மனுஷன். நீயும் சேர்ந்து அவரைக் குட்டையாக்கணுமா? அடுத்த வாரமே சரி பண்ணிடுவாரு. நான் பொறுப்பு.”

மறுபடி யோசித்தார். யாரிடமும் ஒரு பைசா வாங்கப் போவதில்லை. வீட்டு மாப்பிள்ளைக்குச் செய்யும் சின்ன உதவி. அடுத்த வாரம் சரி செய்துவிடப் போகிறார். இதில் என்ன தப்பு? மறுநாள் கையெழுத்துப் போட்டார். தங்கை முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவருக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

அந்த ‘அடுத்த வாரம்’ வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் முக்கால் “சாமான் வரலை மச்சான்” என்றார். பிறகு மச்சானும் கேட்பதை விட்டுவிட்டார்.

மழை விட்டிருந்த ஒரு மாலையில், வேலை முடித்த பெண் நடத்துநர் ஒருவர் பேருந்துப் பணிமனைக்கு எதிரே சாலையைக் கடந்தார். தூரத்தில் வந்த வண்டியைப் பார்த்தார். கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் காலை எடுத்து வைத்தார். முக்காலின் மீட்டர் நாற்பது காட்டியது. வண்டியோ அதைவிட வேகமாக வந்தது. உயர்ந்த பானெட்டுக்கு அப்பால் அந்த அம்மாள் தெரிந்தபோது முக்கால் மிதித்த பிரேக், முன்பிருந்த உயரமும் டயரும் இருந்திருந்தால் வண்டியை நிறுத்தியிருக்கும். இப்போது நிற்கவில்லை.

முக்கால் கெட்டவரில்லை. ஓடவில்லை. கதறிக்கொண்டு இறங்கி, நாலு பேரைக் கூப்பிட்டு அந்த அம்மாளைத் தன் வண்டியிலேயே ஏற்றப் பார்த்தார். ஆனால் இருக்கை அவ்வளவு உயரத்தில் இருந்தது. தூக்கத் தூக்க அந்த அம்மாள் வலியில் அலறினார். நசுங்கிய காலை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக யாராலும் முடியவில்லை. கடைசியில் வழியே வந்த ஒரு வாடகைக் காரை மறித்து அதில் படுக்க வைத்தார்கள்.

மருத்துவமனையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“சத்தியமா நான் நாப்பதுலதான் வந்தேன்,” என்று முக்கால் காவல் நிலையத்தில் அழுதார். பொய் சொல்லவில்லை, மீட்டர் அப்படித்தான் காட்டியது. வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று சான்றிதழும் இருந்தது. அப்படியென்றால் தப்பு யாருடையது? குறுக்கே வந்தவருடையதுதான். பார்த்தவர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ வாயைத் திறக்காதே அண்ணா. எல்லாமே தானா முடிஞ்சிடும்போல இருக்கு.”

மறுபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை, கண் மூடவும் முடியவில்லை. ஒரு நாள் கால்கள் தாமாகவே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விட்டன.

பெண்கள் பகுதியின் கோடிக் கட்டிலில் அந்த நடத்துநர் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது. மறுபக்கம் பாதியிலேயே தாழ்ந்து தட்டையாகிவிட்டது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்தும் மறுபடியின் கண் அங்கேயே போனது.

“நீங்க டிப்போவுல இருந்து வரீங்களா?” என்று கேட்டார் அந்த அம்மாள். பதிலுக்குக் காத்திராமல் அவரே பேசினார். “நான் பாத்துத்தான் சார் இறங்கினேன். இத்தனை வருஷமா அதே இடத்துலதான் கடக்குறேன். ஆனா எல்லாரும் நான் குறுக்க ஓடினேன்னு சொல்றாங்க. என் வீட்டுக்காரரே, ‘கொஞ்சம் நின்னு வந்திருக்கக் கூடாதா?’ன்னு கேக்கிறாரு. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை நான்தான் ஓடினேனோ?”

காலைப் பறித்தது போதாதென்று, அந்தப் பெண் தன் கண்ணையே சந்தேகப்படும்படி அல்லவா செய்துவிட்டது மறுபடியின் கையெழுத்து!

“நீங்க ஓடலைம்மா,” என்றார். “நீங்க பாத்தது சரிதான். வண்டிதான் சரியில்ல. அதைச் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான்.”

அந்த அம்மாள் கட்டிலில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். “எவ்ளோ வாங்கினீங்க?”

“ஒரு பைசா வாங்கலைம்மா. என் தங்கச்சி வந்து அழுதா. அவ மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு...”

“வாங்கலைன்னு சொல்லாதீங்க சார்.” அவர் குரல் உயரவில்லை. “உங்க தங்கச்சி முகத்துல ஒரு சிரிப்பை வாங்கிக்கிட்டீங்க. அதுக்கு நீங்க குடுத்தது என் காலு. என்னைக் கேக்காமலே குடுத்துட்டீங்க.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுபடி வெளியே வந்தார். நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்.

விசாரணை அதிகாரி அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“சார், உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். நேர்மையான மனுஷன். இதை எழுதினா உங்க வேலை போயிடும். மாப்பிள்ளை மேல கேஸ் இறுகிடும். நாமெல்லாம் ஒரே அரசாங்கத்துல வேலை பாக்கிறவங்க. நீங்க இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்கலாம். நான் உங்ககிட்ட காசு எதுவும் கேக்கல. நம்ம ஆளுன்னு சொல்றேன்.”

மறுபடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேறொருவர் வாயிலிருந்து தன் குரலே வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நானும் காசு கேக்கல சார். அதனாலதான் என் கை சுத்தம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார். “பணம் வாங்கினா மட்டும் லஞ்சம் இல்ல. நம்ம ஆளுன்னு கண்ணை மூடிக்கிட்டாலும் அது லஞ்சம்தான். நாம சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுறோம். அதுக்கு விலை குடுக்கிறது முன்னப்பின்ன தெரியாத யாரோ ஒருத்தர். அந்தம்மா குறுக்க ஓடலை சார். முதல்ல அதை எழுதுங்க.”

அதிகாரி முக்காலை அழைத்துவரச் சொல்லி ஒரு காவலரை அனுப்பிவிட்டு, பேனாவைத் திறந்தார்.

எழுதி முடித்துக் கையொப்பமிட்டு அவர் வெளியே வந்தபோது, யாரோ சொல்லித் தெரிந்து ஓடிவந்த தங்கை வாசலில் நின்றிருந்தாள். “அம்மாடி” என்று கூப்பிட்டார். அவள் அவரைத் தெரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு அவரைக் கடந்து, உள்ளே இருந்த கணவனை நோக்கிப் போனாள்.