மின்னல் காப்பாற்றிய மாதிரிகள்

“கவலையே படாதீங்க, எல்லாத்தையும் காப்பாத்திட்டேன்!” என்று மின்னல் சொன்னபோது அவர் காலில் விழலாமா என்று தோன்றியது. எப்படிக் காப்பாற்றினார் என்று சொன்னபோது கழுத்தை நெரிக்கலாமா என்று தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மின்னல் எங்கள் ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். டாக்டர் பட்டம் வாங்கியவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, தங்கமான மனுஷன். எள் என்றால் எண்ணெயாக நிற்பார். அதனால்தான் அந்தப் பெயர். அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது எள்தான்.

நடந்தது இதுதான். நான் அக்காவுடன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் உறைபெட்டி படுத்துவிட்டது. உள்ளே புற்றுநோயாளிகளின் கட்டிகளிலிருந்து நான் பிரித்தெடுத்து வைத்திருந்த ஆர்என்ஏ குழாய்கள். ஆர்என்ஏ என்பது தொட்டாலே கெட்டுப்போகும் ஜாதி. டிஎன்ஏ அப்படியில்லை, கல்லுப் பிள்ளையார். ஆகவே மின்னல் மளமளவென்று என் குழாய்கள் அத்தனையையும் டிஎன்ஏவாக நகலெடுத்து வைத்துவிட்டார்.

“ஒரிஜினல் எங்கங்க?” என்றேன்.

“அது உருகிப்போச்சே. கழிவுல போட்டேன், வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. உங்க மேசையக்கூட துடைச்சு வெச்சிருக்கேன் பாருங்க.”

மேசை பளபளவென்றுதான் இருந்தது. எனக்கு வாயில் நன்றாக வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அவர் வேலைக்கு அந்த நகல் போதும். அவர் எண்ணுகிறவர். எந்தக் கட்டியில் எந்த மைக்ரோ ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். மைக்ரோ ஆர்என்ஏ என்பவை துக்கடாத் துண்டுகள். ஆனால் செல்லுக்குள் எந்த மரபணு வாய் திறக்கலாம், எது பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்று அதட்டுவது அவைதான். என் வேலை எண்ணுவது அல்ல. அந்தத் துண்டுகளின் மேல் மீத்தைல் என்று ஒரு வேதிப்பொட்டு ஒட்டியிருக்கும். பொட்டு ஒட்டினால் சில துண்டுகளின் அதட்டல் எடுபடாமல் போகிறது, கட்டி மருந்துக்கு அடங்காமல் திமிறுகிறது என்பது என் சந்தேகம். நகலெடுத்தால் எழுத்து வரும், பொட்டு வராது. டாக்டர் சீட்டைப் போனில் வாசித்தால் மருந்தின் பெயர் வரும், அவர் அடியில் போட்ட கோடு வருமா? அப்படித்தான். நான் தேடியது அந்தக் கோட்டைத்தான். அது கழிவு வண்டியில் போய்விட்டது.

“மேல்மாடியில அவ்வளவு பெரிய உறைபெட்டி சும்மா கிடக்குதே! தூக்கிட்டுப் போய் வெச்சிருந்தா முடிஞ்சுதே!” என்று கத்தினேன்.

“மேல்மாடிக்காரங்களோட பெரிய மேடத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லையே. நான் போய்க் கேட்டா என்னைத் தொலைச்சிடுவாங்க.”

பெரிய மேடம் எங்கள் ஆய்வகத்தின் தலைவி. மேல்மாடி ஆய்வகத் தலைவருக்கும் அவருக்கும் ஏதோ ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை. இரண்டு மாடு முட்டிக்கொண்டதில் மிதிபட்டது என் குழாய்கள்.

குழாய்கள் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று என் அக்காவுடையது. மருந்து தொடங்கும் முன்னால் அவள் ஈரலில் இருந்த கட்டியில் ஊசி விட்டு எடுத்த துணுக்கு. இனி அப்படி ஒன்றை எடுக்க முடியாது. அந்தக் கட்டியே இப்போது வேறு கட்டி. அன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது அதைத்தான்: மருந்து கேட்கவில்லை, வேறு மருந்துக்கு மாறலாம். மாற்று மருந்து எது என்பதும் அவருக்குத் தெரியும், அதற்கு இன்னொரு ஊசி தேவையில்லை. தேவை எனக்குத்தான். முன்னால் எடுத்ததையும் பின்னால் எடுப்பதையும் பக்கத்தில் வைத்துப் பொட்டு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டேன். அக்கா உடனே சரி என்றாள். மறுநாள் காலையில் ஊசி.

பெரிய மேடத்திடம் போய் நின்றேன்.

“ஊசியை நிறுத்தச் சொல்லிடறேன் மேடம்.”

“எதுக்கு? அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே. எடுத்து வைங்க, வேற எதுக்காவது ஆகும்.”

“முந்தினது இல்லாம இதை வெச்சு என்ன பண்றது? ஒண்ணுக்கும் ஆகாத சாம்பிளுக்காக ஒருத்தர் ஈரல்ல ஊசி குத்தணுமா?”

“அதையெல்லாம் அவங்ககிட்ட போய் சொல்லிட்டிருக்காதீங்க. பாவம், மனசு கஷ்டப்படுவாங்க.”

பாவமாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். உடம்பு முடியாமல் போனதிலிருந்து விடுப்பு. நான் போனபோது மறுநாளைக்கான பையை மேசையில் வைத்து மாற்றுத்துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உறைபெட்டி, நகல், கழிவு வண்டி, மேல்மாடிச் சண்டை, எல்லாம்.

“அந்த ஆளைத் திட்டினியா?” என்றாள்.

“கத்தினேன், திட்டலக்கா. நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணினார்.”

“நான் இருந்திருந்தா ரெண்டு விட்டிருப்பேன். சரி, போனது போச்சு. நாளைக்கு எடுக்கிறத வெச்சுப் பாரு.”

“அதை மட்டும் வெச்சு ஒண்ணும் தெரியாதுக்கா. எது மாறிச்சுன்னு சொல்லணும்னா மாறுறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு வேணும்ல.”

அவள் துண்டை மடித்தபடி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அப்ப எனக்கு எந்த மருந்து கேக்கும்னு எப்படிக் கண்டுபிடிப்ப?”

“அக்கா, நான் உனக்கு மொதல்லயே சொன்னேன்ல? இது ஆராய்ச்சி. உன் வைத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுல ஏதாவது வந்தாக்கூட பல வருஷம் கழிச்சு, வேற யாருக்கோ.”

“சொன்ன. ரெண்டு தடவை சொன்ன.”

“பின்ன?”

“எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்லணும், அது உங்க ரூல் போலன்னு நெனச்சேன். என் தங்கச்சி எனக்குன்னு தனியா ஒரு கண்ணு பார்க்காமலா இருப்பா?”

துண்டைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். என் படிப்பு, என் கருவிகள், வாங்கிய பாராட்டு, எல்லாவற்றையும் அள்ளித் தெருவில் வீச வேண்டும்போல ஆத்திரமாக வந்தது. அந்தக் குழாய் பத்திரமாக இருந்திருந்தாலும் அவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. அதை மூன்றாவது தடவையாக எந்த வாயால் சொல்வது?

“சரி, போன் போடு. ஊசி வேணாம்னு சொல்லிடு” என்றாள்.

போட்டேன். எடுத்த நர்ஸ் ரத்து செய்வதற்குக் காரணம் கேட்டார். எந்தக் காரணத்தைச் சொல்வது? போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். “ஹலோ, ஹலோ” என்று அந்தப் பக்கம் நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“வலிக்கும்மா, அதான் காரணம். போன தடவையே எனக்கு உயிர் போயிடுச்சு. இவ கேட்டாளேன்னுதான் சரின்னேன்.”