மினாருக்கு முட்டு

என் வீட்டுக்காரரும் அவர் தங்கையும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு இரும்பு பீரோ. மாமியார் போன பிறகு வீட்டைப் பிரித்தபோது மாடி எங்களுக்கு, கீழ்வீடு அவளுக்கு, முற்றம் பொது என்று ஆனது. பீரோவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து இவர் அதை ஆள் வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து இவர் படியிறங்கினால் அவள் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். நடுவில் கிடந்து நான்தான் லோல்பட்டேன்.

முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசலின் பழைய மினார். பல நூறு வருடத்துச் செங்கல் கட்டடம், எங்கள் முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. நம் வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறது என்று மாமனார் கேலி செய்வார். கல்யாணமாகி வந்த புதிதில் அதன் கீழே நடக்கவே எனக்குப் பயம். அப்புறம் பழகிப்போய், துணி காயப்போடும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

அதைக் காப்பாற்ற ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். வெயிலில் அலைந்து முகமெல்லாம் கறுத்திருந்தது.

"அடியில மண்ணு இளகிடுச்சுக்கா. மழைக்கு முன்னாடி உங்க முற்றத்துல குழி தோண்டி இரும்புல முட்டுக் கொடுத்துட்டா, அஸ்திவாரத்த அப்புறம் நிதானமா பலப்படுத்தலாம். வேற பக்கம் இடமில்ல. ரெண்டு வீட்டுலயும் சரின்னு சொல்லணும்."

இவரிடம் சொன்னேன்.

"நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? பொது முற்றம். அவ வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்."

கீழே போனேன். நாத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல அண்ணி. அண்ணன்தானே பெரியவரு? அவரு இறங்கி வந்து கேக்கட்டும். பீரோவ மட்டும் கேக்காம தூக்கத் தெரியுதுல்ல?"

திரும்ப மேலே. "அவளுக்குச் சம்மதமாம்."

"அப்ப வந்து சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று கணக்கே இல்லை. என் முழங்கால்தான் தேய்ந்தது. இரண்டு பேருக்கும் சம்மதம். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? இன்ஜினியர் பெண் வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினேன். கடைசியில் அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கேட்காமலே திரும்பிப் போனாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்யாமல் கொட்டித் தீர்த்தது. ஒரு மத்தியானம் மினாரிலிருந்து செங்கற்கள் பொலபொலவென்று முற்றத்தில் உதிர்ந்தன. அந்தப் பெண் ஓடி வந்து பார்த்துவிட்டு, "இனிமே இதுக்கடியில ஆளை இறக்கித் தோண்ட முடியாதுக்கா," என்றாள். பாதிக்கு மேல் உள்ளதைக் கழற்றி இறக்குவதைத் தவிர வழியில்லையாம்.

கிரேன் வந்த அன்று அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு வாசல் வழியாக முற்றத்துக்கு வந்தார்கள். மினாரின் மேல்மாடம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு இறங்கியது.

"தள்ளி நில்லு. கண்ணுல தூசி விழும்," என்றார் இவர்.

"நீங்க தள்ளி நில்லுங்கண்ணே," என்றாள் அவள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது அன்னிக்கே அண்ணனக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாம் அண்ணி."

"அதானே," என்றார் இவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் இன்ஜினியர் பெண் வந்துவிட்டாள். இறக்கிய செங்கல்லை வைக்கப் பள்ளிவாசல் பக்கம் இடம் போதவில்லையாம்.

"கொஞ்ச நாளைக்கு உங்க முற்றத்துல அடுக்கி வச்சுக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுக்கெல்லாமா கேக்கணும்? தாராளமா வச்சுக்கம்மா," என்றார்கள் அண்ணனும் தங்கையும், ஒரே குரலில்.